வெள்ளை ஜவ்வரிசியும் கந்தக அமிலமும்

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், அயோத்தியாப்பட்டணம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் மூக்கு சொல்லிவிடும், நம்ம ஊர்ப் பக்கம் வந்துவிட்டோம் என்று. சேகோ ஃபேக்டரித் தண்ணீரின் அந்தப் புளித்த வாடை வெளியூர்க்காரர்களுக்கு முகம் சுளிக்க வைக்கும். நமக்கோ அது வீட்டு வாடை. கண்ணைத் திறந்தால் அடுத்தது களம். மதிய வெயிலில் ஜவ்வரிசி காய்கிற களத்தை நேராகப் பார்க்க முடியாது, கூசும். அந்த வெண்மையைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். கிழங்கு உரித்தால் வெள்ளைதான். ஆனால் களத்தில் நாம் பார்த்துப் பழகிய வெள்ளை முழுக்கக் கிழங்கினுடையது அல்ல.

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். என்னிடம் படித்த பையன்களில் சிலர் ஆலை நடத்துகிறார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அவர்கள் வந்து கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், இந்த ஆசிட்டைப் போடலாமா, கூடாதா? ஃபுட் கிரேடுன்னு சொல்லி விலை ஏத்தி விக்கறான். ரெண்டும் ஒரே ஆசிட்தானுங்களே?" இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. சரித்திரமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் நம்ம ஊர்க் கதை. ஜவ்வரிசி என்பது ஜாவா அரிசி என்பார்கள். மலாய் நாட்டுப் பக்கம் வளரும் சேகோ பனையின் சோற்றிலிருந்து எடுத்த மாவில் செய்த மணிதான் அசல். கப்பலில் வந்து இறங்கியது அது. மரவள்ளி வேறு வழியாக வந்தது. தென்னமெரிக்கக் கிழங்கு, திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிரிட ஊக்கம் கொடுத்துப் பரப்பியவர். அரிசி கிடைக்காத காலத்தில் மலையாள நாட்டுக்குச் சோறு போட்ட கிழங்கு அது.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் மலாயாவையும் ஜாவாவையும் பிடித்ததும் கப்பல் நின்றது, ஜவ்வரிசியும் நின்றது. 1943-ல் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார், கருவாட்டு வியாபாரமாகக் கேரளத்துக்குப் போய்வந்தவர், பினாங்கிலிருந்து திரும்பிய போபட்லால் ஷா என்பவரோடு பழக்கமாகி, மரவள்ளியிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் செய்யும் வித்தையை இங்கே கொண்டுவந்தார். ஆரம்பத்தில் எல்லாம் கைவேலை. பிறகு வெங்கடாசலக் கவுண்டர் என்ற கைதேர்ந்த மெக்கானிக் இயந்திரங்களைச் சீர்செய்து கொடுத்த பிறகே உற்பத்தி பெருகியது என்று சேகோ தொழில் வரலாற்றைச் சொல்கிறவர்கள் தவறாமல் குறிப்பிடுவார்கள். செம்மண்ணும், வெயில் அதிகமாக அடிக்கும் திறந்த வெளியும் இருந்ததால் வாழப்பாடி, ஆத்தூர், ராசிபுரம் பக்கமெல்லாம் தொழில் பரவியது.

இப்போது தொட்டிக்கு வருவோம். தோல் உரித்த கிழங்கை அரைத்து, சல்லடையில் பாலைப் பிரித்து, திப்பியை ஒதுக்கி, பாலைத் தொட்டியில் மணிக்கணக்காக நிறுத்தினால் மாவு அடியில் படியும். மேலே நிற்கிற தண்ணீரை வடித்து, மாவை வெட்டி எடுத்து, துணித் தூளியில் போட்டுக் குலுக்கினால் உருண்டை. அப்புறம் இரும்புத் தட்டில் வறுத்தல் அல்லது ஆவியில் வேகவைத்தல், அப்புறம் களம். இதில் எங்கேயும் அமிலம் தேவையில்லை. பாட்டி வீட்டில் கூவைக்கிழங்கு மாவு எடுத்த முறைக்கும் இதற்கும் அளவில்தான் வித்தியாசம்.

ஆனால் மூன்று எதிரிகள் உண்டு. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கருநீலமாக நரம்போடிவிடும். லாரி தாமதமானால் அந்தக் கருப்பு பாலோடு வரும். இரண்டாவது, போர்த் தண்ணீரில் இரும்புச்சத்து இருந்தால் மாவு மஞ்சளாகும். மூன்றாவது, நம்ம வெயில். பால் தொட்டியில் நிற்கும்போதே நுண்ணுயிர்கள் வேலையை ஆரம்பித்துவிடும். அந்தப் புளித்த வாடை அதுதான்.

கந்தக அமிலம் கொஞ்சம் ஊற்றினால் மூன்றும் ஓரளவு அடங்கும். புளிப்பு ஏறியதும் நுண்ணுயிர்கள் மந்தமாகும், இரும்புக் கறை கரைந்து தண்ணீரோடு போகும், மாவு சீக்கிரம் படியும். சீக்கிரம் படிந்தால் ஒரு நாளில் இன்னொரு தொட்டி ஓட்டலாம். அதோடு பிளீச்சிங் பவுடர் சேர்த்தால் மிச்சமிருக்கிற நிறமும் போய்விடும். மேட்டூர்ப் பக்கம் குளோரின் தொழில் வளர்ந்த ஜில்லா நம்முடையது. சரக்குக்குப் பஞ்சமில்லை.

இதை முதலில் யார் ஊற்றினார் என்று தேடுவதில் அர்த்தமில்லை. கேட்டது மார்க்கெட். நம்ம ஜவ்வரிசியில் பெரும்பகுதி மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் என்று வடக்கே போகிறது. நாம் பாயசத்துக்கும் வடகத்துக்கும் பயன்படுத்துகிறோம்; அவர்கள் ஏகாதசி, நவராத்திரி, சிவராத்திரி விரதத்தில் சாபுதானா கிச்சடி செய்து சாப்பிடுகிறார்கள். விரத உணவு, ஆகவே தூய்மை. தூய்மை என்றால் வெள்ளை. சாம்பிள் தட்டில் இரண்டு கையளவு ஜவ்வரிசியை வைத்தால் வெள்ளையாக இருப்பதற்கே விலை கூடும். மூட்டைக்கு நூறு ரூபாய் வித்தியாசம் என்றால் ஆலைக்காரன் என்ன செய்வான்? பக்கத்து ஆலை ஊற்றுகிறது, நான் ஊற்றாவிட்டால் என் சரக்கு தேங்கும் என்று ஒவ்வொருவரும் நினைத்து, கடைசியில் எல்லோரும் ஊற்றினார்கள். இதில் நான் ஆலைக்காரர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி காய்ச்ச ஜவ்வரிசி வாங்கும்போது நம் வீட்டுப் பெண்களும் ஆண்களும் வெள்ளையாகப் பார்த்துத்தான் கை வைத்தோம்.

இனி அந்த "ஒரே ஆசிட்தானே" கேள்வி. இதற்குப் பதில் வாழப்பாடியில் இல்லை, இங்கிலாந்தில் மான்செஸ்டரில் இருக்கிறது. அந்தக் கதையிலும் மாவுச்சத்துதான், கந்தக அமிலம்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1811-ல் ரஷ்யத் தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கிர்காஃப் என்ற வேதியியலாளர் மாவுச்சத்தை நீர்த்த கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்தால் சர்க்கரையாகும் என்று கண்டுபிடித்தார். நெப்போலியன் போரில் ஐரோப்பாவுக்குக் கரும்புச் சர்க்கரை தட்டுப்பாடான நேரம். அதனால் அந்தக் கண்டுபிடிப்புக்கு நல்ல வரவேற்பு. பிறகு பீர் காய்ச்சுகிறவர்கள் மால்ட்டில் ஒரு பகுதிக்குப் பதிலாக இந்த மலிவுச் சர்க்கரையைச் சேர்க்க ஆரம்பித்தார்கள்.

1900-ம் ஆண்டு மான்செஸ்டர், சால்ஃபோர்டு வட்டாரத்தில் கூலித் தொழிலாளிகள் கைகால் மரத்து, நடக்க முடியாமல், தோல் கருத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். குடிகாரர்களுக்கு வரும் நரம்பு வியாதி என்று முதலில் எழுதி வைத்தார்கள். எர்னஸ்ட் ரெனால்ட்ஸ் என்ற டாக்டருக்கு மட்டும் ஒன்று இடித்தது: விஸ்கி மட்டும் குடிக்கிற மொடாக்குடியர்களுக்கு இது வரவில்லை, பீர் குடிக்கிறவர்களுக்குத்தான் வருகிறது. அவர் பீரைச் சோதித்தார். ஆர்சனிக் இருந்தது. அதாவது நம்ம நாட்டு வைத்தியர்கள் பாஷாணம் என்று சொல்கிறார்களே, அதே.

பீரிலிருந்து பின்னோக்கிப் போனார்கள். பீருக்குச் சர்க்கரை கொடுத்த கம்பெனி, சர்க்கரைக்கு அமிலம் கொடுத்த கம்பெனி, அமிலத்துக்குக் கந்தகம் கொடுத்த பைரைட் கல். அந்தக் கல்லில் ஆர்சனிக் கலந்திருக்கும். அமிலம் செய்யும்போது அதுவும் ஆவியாகி அமிலத்தோடு சேர்ந்துவிடும். அதை நீக்கிய அமிலமும் உண்டு, நீக்காத அமிலமும் உண்டு. இரண்டும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். ஏறத்தாழ 6,000 பேர் பாதிக்கப்பட்டார்கள், 70 பேர் வரை இறந்தார்கள்.

வழக்கும் நடந்தது. சர்க்கரைக் கம்பெனியான பாஸ்டாக், அமிலக் கம்பெனியான நிக்கல்சன் மேல் போட்ட வழக்கில் 1904-ல் தீர்ப்பு வந்தது. ஆர்சனிக் இல்லாத அமிலம் என்று ஒப்பந்தம் இருந்தது, அதை நிக்கல்சன் மீறியது உண்மை. ஆனால் அந்த அமிலம் பீர்ச் சர்க்கரைக்குப் போகிறது என்று விற்றவருக்குத் தெரியாது. ஆகவே அமிலத்தின் விலையும், கெட்டுப்போன சரக்கின் விலையும் மட்டும் கிடைக்கும். பீர்க்காரர்களுக்குப் பாஸ்டாக் கொடுக்க வேண்டிய நஷ்ட ஈட்டை நிக்கல்சன் தலையில் கட்ட முடியாது என்றது நீதிமன்றம். ஆலை வைத்திருக்கிற என் மாணவர்களிடம் இந்த இடத்தை நான் இரண்டு முறை சொல்வேன். எதற்கு வாங்குகிறோம் என்று பில்லில் எழுதி வாங்காத ஆசிட்டுக்குக் கடைக்காரன் பொறுப்பில்லை.

கெல்வின் பிரபு தலைமையில் அரசு ஒரு கமிஷன் போட்டது. பீர் காலனுக்கு நூறில் ஒரு கிரெயினுக்கு மேல் ஆர்சனிக் கூடாது என்று 1903-ல் அது சொன்னது. எதற்காகச் சேர்க்கிறோமோ அந்தப் பொருள் கெடுதல் இல்லாவிட்டாலும், அதோடு ஒட்டிக்கொண்டு வருவதற்கும் வரம்பு வேண்டும் என்ற நினைப்பு இப்படித்தான் சட்டத்துக்குள் வந்தது. இன்றைக்கு ஃபுட் கிரேடு சர்டிபிகேட்டில் ஆர்சனிக், ஈயம் என்று தனித்தனியாகக் கோடு போட்டு எழுதியிருக்கிறார்களே, அந்தக் கோட்டின் பின்னால் சால்ஃபோர்டு கூலிக்காரர்கள் நிற்கிறார்கள்.

கமர்ஷியல் ஆசிட் கேன் உரக் கம்பெனிக்கும் போகும், தோல் ஷாப்புக்கும் போகும், பேட்டரிக்கும் போகும். அங்கே யாரும் ஈயம் எவ்வளவு என்று கேட்பதில்லை, அதனால் யாரும் பார்ப்பதும் இல்லை. "அப்ப பள்ளிக்கூட லேபில இருக்கிற ஏ.ஆர். ஆசிட் இன்னும் சுத்தமாச்சே சார், அதை ஊத்தலாமா?" என்று ஒரு பையன் கெட்டிக்காரத்தனமாகக் கேட்டான். கூடாது. சோதனைக்கூட வேலைக்கு எது இடைஞ்சலோ அதைப் பார்த்துத் தயாரித்தது அது. சாப்பிடுகிறவன் வயிற்றை நினைத்துப் பார்த்தது அல்ல. பாத்திரம், அடைப்பு, கையாளும் முறை எதுவும் சாப்பாட்டுக்கு என்று வைத்ததும் அல்ல.

சாப்பாட்டுக்கு என்றே வளர்ந்த அமிலம் ஒன்று உண்டு, சிட்ரிக். நம்ம ஊர் கலர் சோடாக்காரர்கள் எலுமிச்சை உப்பு என்று வாங்குவார்களே, அது. எலுமிச்சைச் சாற்றிலிருந்து ஷீலே என்ற சுவீடன்காரர் 1784-ல் பிரித்தார். ரொம்ப காலம் இத்தாலிய எலுமிச்சையை நம்பித்தான் உலகம் இருந்தது. 1917-ல் ஜேம்ஸ் கரீ என்ற அமெரிக்கர் கருப்புப் பூசணம் சர்க்கரைக் கரைசலில் சிட்ரிக் அமிலத்தைக் கொட்டுகிறது என்று காட்டிய பிறகு எலுமிச்சை தேவைப்படவில்லை. கோலி சோடாவின் புளிப்பு பூசணம் போட்ட பிச்சை என்று வகுப்பில் சொன்னால் பையன்கள் ஒரு வாரத்துக்குச் சோடா குடிக்க மாட்டார்கள். சுத்தமான பொருள்தான், பயப்பட ஒன்றுமில்லை.

திரும்பவும் ஜவ்வரிசி. நம் நாட்டில் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954-ல் வந்தது. அதன் கீழ் ஜவ்வரிசிக்குச் சாம்பல் 0.4 சதவீதத்துக்கு மேல் கூடாது, அதில் அமிலத்தில் கரையாதது 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றெல்லாம் விதி இருந்தது. சாம்பல் என்பது எரித்த பிறகு மிஞ்சுகிற உப்பும் மண்ணும். களத்து மண்ணை அது பிடித்துவிடும். கழுவிப் போன ஆசிட்டையும் ஆவியாகிப் போன குளோரினையும் எப்படிப் பிடிக்கும்? 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் வந்தது. ஜாகீர் அம்மாபாளையத்துக்குச் சரக்கை அனுப்பி அங்கே ஏல முறையில் விற்றதால் இடைத்தரகர்கள் பிடி தளர்ந்தது. அது பெரிய காரியம். ஆனால் ஏலத்துக்கு வந்தவர்கள் கண்ணும் வெள்ளையைத்தான் தேடியது.

மாற்றம் வந்தது புதிய சட்டத்தால். 2006-ல் நிறைவேறிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் அடிப்படை எளிமையானது: எந்த உணவில் எதைச் சேர்க்கலாம் என்று பட்டியல் உண்டு, பட்டியலில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது. அடுத்த சில வருஷங்களில் சேலம், நாமக்கல் ஆலைகளில் அதிகாரிகள் சோதனை போட்டார்கள், கேன்களைப் பறிமுதல் செய்தார்கள், மக்காச்சோள மாவு கலந்ததையும் பிடித்தார்கள். ஊரே இரண்டுபட்டது. தொழிலை அழிக்கிறார்கள் என்று ஒரு பக்கம். இப்போதாவது வந்தார்களே என்று இன்னொரு பக்கம். தொட்டியில் இறங்கி மாவு வெட்டுகிறவர்களின் விரலிடுக்குத் தோலைப் பார்த்தவர்கள் இரண்டாவது பக்கம்தான் நின்றிருப்பார்கள். நானும் அங்கேதான் நின்றேன்.

அந்த நாட்களில் என் வீட்டுத் திண்ணையில் அடிக்கடி இந்த வாதம் நடக்கும். "சார், பஞ்சாயத்து டேங்க்லயே பிளீச்சிங் பவுடர் போடறாங்க. அதைத்தானே குடிக்கிறோம்? நாங்க போட்டா மட்டும் தப்புங்களா?" நியாயமான கேள்விதான். குடிதண்ணீரில் மிச்சம் நிற்க வேண்டிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். அங்கே அது கிருமியைக் கொல்லப் போகிறது, அளந்து போகிறது. மாவுத் தொட்டியில் கிலோக் கணக்கில், கையளவில், நிறம் போகும் வரைக்கும் போகிறது. கூடவே அமிலமும் இருந்தால் குளோரின் வாயுவாகக் கிளம்பி நிற்கிறவன் மூச்சை அடைக்கும். பொருள் ஒன்று, வேலை வேறு.

இன்னொருவர் படித்தவர், இண்டர்நெட் பார்க்கிறவர். "கந்தக அமிலத்துக்கே 513-ன்னு உணவுச் சேர்மான எண் கொடுத்திருக்காங்க சார்" என்று அச்செடுத்தே கொண்டுவந்தார். உண்மை. சிட்ரிக்குக் 330, பாஸ்பாரிக்குக் 338, கந்தக அமிலத்துக்கு 513. எண் என்பது அடையாள அட்டை மாதிரி. ரேஷன் கார்டு இருக்கிறது என்பதற்காக எல்லார் வீட்டு அடுப்படிக்கும் போக முடியுமா? எந்த உணவில், எவ்வளவு, எதற்காக என்று தனியாக அனுமதி வேண்டும். வெளுப்பதற்காக என்று ஜவ்வரிசியில் அதற்கு அனுமதி இல்லை.

அமிலத்தால் ஆலைக்கே நஷ்டம் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கிர்காஃப் செய்ததை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். கழுவாமல் தங்கிய அமிலத்தோடு மாவு வறுதட்டில் சூடாகும்போது மாவுச்சத்தின் சங்கிலி அறுபடும். அந்த ஜவ்வரிசி பார்க்கப் பளபளக்கும், கொதிக்கிற பாலில் போட்டால் மணி நிற்காமல் கரைந்து கூழாகும். பாயசம் கெட்டது சமைத்தவள் கைராசி என்று எத்தனை மாமியார்கள் சொல்லியிருப்பார்களோ!

இப்போது ஊற்றாமல் செய்கிற ஆலைகளில் நடப்பது பெரிய வித்தை இல்லை. பிடுங்கிய மறுநாளுக்குள் கிழங்கை அரைக்கிறார்கள். தோலோடு உள்தோலையும் சுத்தமாக எடுக்கிறார்கள். இரும்பில்லாத தண்ணீருக்கு வடிகட்டி வைக்கிறார்கள். ஒரு தடவை படிந்த மாவைத் திரும்ப நல்ல தண்ணீரில் கலக்கி மறுபடி படிய விடுகிறார்கள். தண்ணீரும் நேரமும் கூடுதல், கரண்ட் பில்லும் கூடுதல். வருகிற ஜவ்வரிசி கொஞ்சம் மங்கல், பழைய வேட்டி நிறம். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. என் மாணவர் ஒருவர் அந்தச் செய்தியைக் காட்டி, மங்கல் சரக்குக்கும் இனி விலை வருமா என்று கேட்டார். வாங்குகிறவர் கண் மாறினால் வரும் என்றேன். கடையில் நீங்கள் வாங்கும்போது வெள்ளை வெளேரென்று இருப்பதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பக்கத்துப் பாக்கெட்டைப் பாருங்கள்.

தொட்டி, குழாய் கழுவ, தண்ணீர் சுத்தம் செய்ய என்று ஆலைக்குள் ரசாயனம் எதுவுமே வராமல் இருக்காது. அவற்றை வாங்கும்போது என் மாணவர்களுக்கு நான் சொல்வது: பில்லில் "உணவு ஆலைப் பயன்பாட்டுக்கு" என்று எழுதி வாங்கு. சர்டிபிகேட்டில் உள்ள பேட்ச் எண்ணும் கேன் மேல் இருக்கிற பேட்ச் எண்ணும் ஒன்றா என்று பார். ஆர்சனிக், ஈயம் இரண்டுக்கும் நேரே எண் இருக்கிறதா, இல்லை வெறுமனே "சரி" என்று டிக் அடித்திருக்கிறதா என்று பார். கேனின் மூடியில் சீல் உடையாமல் இருக்க வேண்டும். காலியான கேனை வேலைக்காரர்கள் தண்ணீர் பிடிக்க வீட்டுக்குக் கொண்டு போகாமல் ஓட்டை போட்டுவிடு. இந்தக் கடைசி ஒன்றைத்தான் யாரும் செய்வதில்லை.